மிதுன் ஏன் கக்குகிறான்

காங்கேயம்,
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரித்திகா எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே. அம்மாவும் அப்பாவும் நன்றாக இருக்கிறார்கள். நான்தான் நன்றாக இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் போன் எப்போதும் அவள் இடுப்பில் இருக்கிறது. நீ சாப்பிடாமல் கார் ஏறிப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் உன் பேரை எடுப்பதில்லை. அப்பா மட்டும் தேங்காய்க் களத்துக்குப் பின்னால் போய் நின்று மச்சானுக்குப் போன் போடுகிறார். அம்மா வந்தால் உடனே, "அப்பத் தேங்காப் பருப்பு வெல எறங்கிருச்சுங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

எல்லோரும் தூங்கிய பிறகு சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்து இதை எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.

அக்கா, உன் பிள்ளை மிதுனுக்கு அந்தக் கக்கல் வந்தது என்னால்தான்.

கோடை விடுமுறை முடியும் வாரத்தில் எனக்குத் தூரமாகியிருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் மூன்று நாள் முன்னறைக் கட்டிலில் உட்கார வேண்டும், மிதுனைத் தொடக் கூடாது. அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தான். பள்ளி திறந்துவிட்டால் பகலெல்லாம் அவனைப் பார்க்க முடியாது. அதனால் மறைத்துவிட்டேன். தூக்கினேன், தோளில் போட்டுத் தூங்க வைத்தேன், முத்தம் கூடக் கொடுத்தேன். அந்த வாரம்தான் அவன் மூக்கு வழியாகவும் பால் கக்கினான். "ஆரோ தீட்டோட வந்து தொட்டுப்போட்டாங்க, தோசம் புடிச்சிருச்சு" என்று அம்மா சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதனால்தானே? நீ குளிக்கப் போயிருந்தபோது அம்மா அவனை மந்திரிக்கத் தூக்கிப் போனது, அங்கே அவனைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியது, நீ வெறும் தொட்டிலைப் பார்த்து அலறியது, மச்சானை வரச் சொல்லிக் கிளம்பிப் போனது.

இன்னொரு பாவமும் இருக்கிறது. அவன் மூக்கு வழியாகக் கக்கிய அன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டு அன்புக்கரசி அக்கா வந்து மிதுனைத் தூக்கிக் கொஞ்சினாள். அம்மா நேராகப் போய், "ஏம்மா, நீ சுத்தமாத்தான் எங்கூட்டுக்குள்ள வந்தயா?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருடமாகிறது, குழந்தை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னும் கக்குகிறானா? பால் குடிக்கிறானா? அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு வரி எழுது. என் முகவரிக்கு வேண்டாம். பள்ளிக்கு எதிரே இருக்கும் என் தோழி உம்மல் குல்சும் வீட்டு முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை,
ரித்திகா


மதுக்கரை,
13 ஜூலை

அடி ரித்தி,

மேலே மஞ்சளாக இருக்கும் வட்டத்தைப் பார்த்துப் பதறாதே. உன் மகன் மிதுன் போட்ட கையெழுத்து அது. பேனாவை எடுத்ததும் கக்கிவிட்டான். ஆமாம், இன்னும் கக்குகிறான். என் தோளில், உன் மச்சானின் சட்டைப் பையில், நேற்று மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவரின் செருப்பில். கக்கிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் "தோழிக்குக் கடிதம் எழுதுக" என்று வந்ததற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

முதலில் இதைப் படி. உன் கை பட்டு அவனுக்கு எதுவும் வரவில்லை. கோயம்புத்தூரில் குழந்தைகள் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். வயதான அம்மா, நெம்பப் பொறுமை. "வயித்துக்கு மேல ஒரு கதவு இருக்குதும்மா, அது இவங்களுக்கு இன்னும் சரியா மூடப் பழகல. பாலு மேல வந்துருது. உக்காரப் பழகுனா தானாக் கொறையும்" என்றார். எடை போட்டுப் பார்த்தார். நன்றாக ஏறியிருக்கிறது. பச்சையாகவோ ரத்தத்தோடோ வாந்தி எடுத்தால், எடை ஏறாமல் நின்றால், பால் குடிக்காமல் சோர்ந்து போனால் உடனே தூக்கி வரச் சொன்னார். அப்படி எதுவும் இல்லை. மருந்துகூட எழுதவில்லை. உன் மச்சானுக்குத்தான் ஏமாற்றம். "இத்தன தூரம் வந்தமுங்க, ஒரு டானிக்காவது குடுங்க" என்று கேட்டுவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் வேலை இதுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பேன். குடித்து முடித்ததும் உன் மச்சான் அவனை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் நடப்பார். சிமென்ட் ஆலையின் புகைபோக்கியைக் காட்டி ஏதேதோ கதை சொல்வார். ஏப்பம் வந்ததும் ஓடி வந்து தேர்வில் பாஸானவர் மாதிரி சொல்வார். என் மாமியார் நாச்சியம்மாள் அத்தைக்கு வேறு கணக்கு. "எல்லாம் உங்கம்மா ஊட்டுத் தண்ணி, அங்கிருந்தே புடிச்சிட்டு வந்தது" என்கிறார். அம்மா அன்புக்கரசியைச் சொல்கிறாள், நீ உன்னையே சொல்கிறாய், இவர் அம்மாவைச் சொல்கிறார். கதவு மூடாததற்கு எத்தனை பேர் மேல் வழக்கு, பார்.

அம்மாவைப் பற்றி எழுதாதே. என் பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டதை, நல்ல காரியம் செய்த மாதிரி என்னிடமே வந்து சொன்னாள்.

நீ தூரமானதை மறைத்தது பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. தோலை உரித்துவிடுவாள். நன்றாகச் சாப்பிடு. தூங்கு.

மோகனா


காங்கேயம்,
28 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குல்சும் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நின்று படித்தேன். மச்சான் டானிக் கேட்டதைப் படித்துச் சிரித்தேன். குல்சும், "சிரிக்கிற லெட்டருக்கு எதுக்குடி இத்தன பயம்?" என்றாள்.

ஆனால் அக்கா, எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. உனக்கு இன்னொன்று தெரியாது. நான் அந்த மாதம் தூரமானதையே சொல்லாமல் விட்டால் அம்மா கணக்குப் பார்த்துக் கேட்பாள் என்று, எல்லாம் முடிந்து அடுத்த வாரம், நீ இங்கே இருந்தபோதே, போய், "தூரமாயிட்டேன்" என்று பொய் சொன்னேன். சும்மாவே மூன்று நாள் கட்டிலில் உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளி வைத்து அம்மா தோசை போட்டாள். அப்போது மிதுன் பக்கத்திலேயே போகவில்லை. அந்த மூன்று நாளும் அவன் கக்கவே இல்லை. அம்மா எல்லோரிடமும் சொன்னாள்: "பாரு, இப்பத்தான் கொழந்த நல்லா இருக்குறான். அந்தப் புள்ள அன்புக்கரசி வராம இருக்கறதுதான் காரணம்."

அவள் வராமல் இருந்தது சரி. நானும் அல்லவா தொடாமல் இருந்தேன்? மருத்துவர் சொன்ன கதவு அந்த மூன்று நாள் மட்டும் எப்படி மூடியது?

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சென்ற வாரம் நம் வீதியில் பேர் வைக்கும் விசேஷம். அன்புக்கரசி அக்கா வாழைப்பழத் தட்டோடு வந்தாள். குழந்தையை வரிசையாக எல்லோர் மடிக்கும் மாற்றினார்கள். அவள் கையை நீட்டினாள். பக்கத்திலிருந்தவர், "தூங்கற நேரமுங்க" என்று குழந்தையை உள்ளே கொண்டுபோய்விட்டார். அது முழித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் நீட்டிய கையால் தட்டை எடுத்து நேராக வைத்துவிட்டு, நேராக வைக்க ஒன்றுமில்லாமல் மறுபடியும் நேராக வைத்தாள். அம்மா சொன்னது ஊர் முழுக்கப் போயிருக்கிறது அக்கா.

இதுவரை அவளிடமே தைத்துவந்த ஜாக்கெட்டுகளைக்கூட அம்மா இப்போது கடைவீதியில் தைக்கக் கொடுக்கிறாள். அன்புக்கரசி அக்கா என்னிடம் மட்டும் வழக்கம் போலப் பேசுகிறாள். "மிதுன் குட்டி எப்படி இருக்குறான் கண்ணு?" என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் பாடம் எழுத வேண்டும் என்று ஓடி வந்துவிட்டேன்.

நீ சொல்லாதே என்கிறாய். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னால் அம்மா அடிப்பாள். அதுகூடப் பரவாயில்லை. இனிமேல் மிதுனை என்னிடம் தரவே மாட்டார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ரித்திகா


மதுக்கரை,
10 ஆகஸ்ட்

ரித்தி,

உடனே பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை கிழித்துப் போட்டேன். மிதுனும் ஒன்றைச் சப்பிவிட்டான்.

அந்த மூன்று நாள் அவன் கக்கவில்லை என்று யார் சொன்னது?

அவன் துணிகளைத் தினமும் துவைத்தது யார்? நீ. நீ கட்டிலில் உட்கார்ந்ததால் அந்த மூன்று நாளும் நான் துவைத்தேன். அதனால்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொட்டில் சேலை, என் நைட்டி, தலையணை உறை, எல்லாமே புளித்த பால் வாடை. அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகும் நேரம் பார்த்துத் துவைத்துப் பின்பக்கத்தில் காயப் போட்டேன். அம்மா கண்ணில் பட்டால் மறுபடியும் தோசம், மந்திரித்த கவுறு, வேப்பிலை என்று ஆரம்பிப்பாள் என்று பயம். "இன்னிக்குக் கக்குலியா?" என்று கேட்டாள். "இல்லீங்மா" என்றேன். அவள் நம்பினாள், பிறகு ஒரு நாள் அவள் கண்ணெதிரே கக்கிய பிறகுதான் மந்திரிக்கத் தூக்கிப் போனாள்.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? நீ தொட்ட நாளிலும் கக்கினான், தொடாத நாளிலும் கக்கினான். அன்புக்கரசி வந்தபோதும் கக்கினான், வராதபோதும் கக்கினான். இங்கே எட்டாத தூரத்தில் இருந்துகொண்டும் கக்குகிறான். அவனுக்கு ஆள் வித்தியாசமே இல்லை.

நீ பொய் சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தாய். நான் பொய் சொல்லித் துணி துவைத்தேன். இரண்டையும் சேர்த்து அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த முடிவு போய் விழுந்தது அன்புக்கரசி தலையில். உன் கடிதத்தில் அவள் தட்டை நேராக வைத்ததைப் படித்ததும் எனக்குப் பால் கொடுக்கக்கூட முடியவில்லை. அவள் எனக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்துத் தந்தவள்.

சொல்லாதே என்று எழுதியது தப்பு. சொல்லிவிடு. ஆனால் நீ தூரமானதை மட்டும் சொல்லாதே, நான் துணி துவைத்ததையும் சேர்த்துச் சொல். "அக்கா சொல்லச் சொன்னாள்" என்று சொல். அடி விழுந்தால் பாதி என் கணக்கு.

நானே போன் செய்து சொல்லலாம். போனை எடுக்கிறேன், "அம்மா" என்ற பேர் வருகிறது, வைத்துவிடுகிறேன். அவள் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. நான் எப்படிக் கூப்பிடுவது?

மிதுனுக்கு இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் வில் மாதிரி வளைந்து அழுவான், அது நின்றுவிட்டது. குப்புற விழுகிறான், விழுந்ததும் கக்குகிறான், அதிலேயே நீச்சல் அடிக்கிறான். நாச்சியம்மாள் அத்தை, "போச்சாது போ, பரவால்ல, துணி எதுக்கு இருக்குது, தொவைக்கத்தான்" என்கிறார். துவைப்பது நான்.

மோகனா


காங்கேயம்,
24 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். அழுதாலும் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். உன் துணி துவைத்த கதையையும் சொன்னேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப மூணு நாளு கட்டல்ல உக்காந்துட்டு நெய் ஊத்துன தோசயா வாங்கித் தின்னியே, அது பொய்யா?"

"ஆமாங்மா."

"பால்ல முட்ட அடிச்சுக் குடுத்தனே?"

"ஆமாங்மா."

"அடிக் கழுத! முட்ட என்ன வெல விக்குது!"

ஒரு வெங்காயம் என் மேல் வந்து விழுந்தது. அவ்வளவுதான். அப்புறம் மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள். "மோகனா எங்கிட்டயே இல்லீங்மான்னு சொன்னாளா?" என்று கேட்டாள். "அவளுக்கு என்னயப் பாத்தா அத்தன பயமா?" என்றாள். "மிதுன தலகீழாத் தொங்கவுட்டீங்கல்ல" என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெங்காயமா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

தோசம் என்பதை அவள் விட்டுவிடவில்லை. சாயங்காலமே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். "சித்திக்காரி தொட்டா தோசம் ஒட்டாது. சொந்த ரத்தம்" என்கிறாள். மருத்துவர் சொன்ன கதவைப் பற்றிச் சொன்னேன். "அதும் இருக்கும்" என்றாள்.

மறுநாள் ஜாக்கெட் துணி எடுத்துக்கொண்டு அன்புக்கரசி அக்கா வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள்.

"ஏனுங், இதக் கொஞ்சம் தெச்சுக் குடுக்கறியாம்மா?" என்றாள் அம்மா. தன்னைவிடச் சின்னவளிடம் மரியாதையாக 'ஏனுங்' என்றாள், அக்கா!

அன்புக்கரசி அக்கா தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்கவில்லை. "இப்ப நேரமில்லீங்கக்கா. கடவீதில நல்லாத் தெக்கறாங்களாமா."

அம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நின்றபோது அம்மா, "நான் பேசுனது தப்பு. நெம்பத் தப்பு. கொழந்தைக்கு ஆராலயும் ஒன்னும் வரல" என்றாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகறது? நீங்க வீதியில சொன்னீங்க" என்றாள் அன்புக்கரசி அக்கா.

அம்மா எழுந்து வந்துவிட்டாள். வழியில் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். அங்கே நாலு பேர் இருந்தார்கள். அம்மா யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எம்பேரன் கக்கறதுக்கும் அன்புக்கரசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் புத்தி கெட்டுப் பேசிப்போட்டேன். டாக்டரம்மாவே சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டு, குடத்தில் தண்ணீர் பிடிக்காமலே நடந்தாள். நாங்கள் குடமே கொண்டுபோகவில்லை.

துணி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா அதைக் கடைவீதிக்குக் கொடுக்கவில்லை.

ரித்திகா


மதுக்கரை,
1 செப்டம்பர்

ரித்தி,

குழாயடியில் அம்மா பேசியதை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் படிக்க முடியவில்லை. அவர் வாங்கிப் படித்தார். "உங்கம்மா தில்லான ஆளுதான்" என்றார். நான் இதுவரை அப்படி நினைத்ததில்லை.

நேற்று போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். எங்களுக்கு முன்னால் மிதுன் நீளமாக ஏதோ சொன்னான். "கக்குனானா?" என்று கேட்டாள். "கக்குனானுங்மா" என்றேன். "கக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். வைத்த பிறகு எனக்கு நல்ல பசி. மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு வருகிறோம். வந்து இரண்டு நாள் இருப்போம். பழைய துணி நிறைய எடுத்து வை.

மோகனா


காங்கேயம்,
12 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கிளம்பிப் போய் நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். நீ பார்க்காத ஒன்றை எழுத வேண்டும். அப்போதே சொல்லியிருப்பேன், மச்சான் கூடவே இருந்தார், வெட்கமாக இருந்தது.

சதுர்த்தி அன்றைக்கு நீயும் மச்சானும் அப்பாவோடு களத்துக்குப் போயிருந்தீர்கள். மிதுன் அம்மா மடியில் இருந்தான். நான் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நீ வந்ததிலிருந்து நான் அவனைத் தூக்கவே இல்லை, கவனித்தாயா? துணி மடித்தேன், தொட்டில் ஆட்டினேன், கிலுகிலுப்பை ஆட்டினேன். கையில் வாங்க மட்டும் முடியவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது அக்கா, ஆனால் கைக்குப் புரியவில்லை. அதிலும் அன்றைக்குக் காலையில்தான் எனக்குத் தூரமாகியிருந்தது. இந்த முறை மறைக்கவில்லை, எழுந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "செரி" என்றாள். கட்டிலுக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அதனால் நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது அன்புக்கரசி அக்கா வாசலில் வந்து நின்றாள். "கொழுக்கட்ட குடுக்க வந்தனுங்க" என்றாள். உள்ளே வரவில்லை.

அம்மா எழுந்து வாசலுக்கே போனாள். மிதுனை அவளிடம் நீட்டினாள். வீதியில் பிள்ளையார் வாங்கி வருகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி அக்கா கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டு அவனை வாங்கினாள். அவன் அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அப்புறம் அவள் புதுச் சேலை மேல், கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒரு பெரிய கக்கல்.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவும் அசையவில்லை.

அன்புக்கரசி அக்கா அவனைத் திருப்பித் தரவில்லை. தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தட்டினாள். "ஏனுங்க சாமி, பண்டிகையும் அதுவுமா, பட்டுச் சேலையாப் பாத்தா கக்குவீங்க?" என்றாள். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா தன் முந்தானையாலேயே அவள் தோளைத் துடைத்துவிட்டாள். "அந்த ஜாக்கெட்டுத் துணிய எடுத்துட்டு வாங்க, அளவும் கொண்டாங்க" என்றாள் அன்புக்கரசி அக்கா. அம்மா உள்ளே ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை.

நானும் அவளும் மட்டும் வாசலில் நின்றோம்.

"இந்தா கண்ணு, புடி. நான் சேலையக் கழுவோணும்."

"இல்லீங்கக்கா, நான் இன்னிக்கு..." என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "எனக்கும் இன்னிக்குத்தான்" என்றாள் மெதுவாக. "இவனுக்கு வேணுங்கறது தோளுதான். புடி."

பிடித்தேன். எவ்வளவு கனம் அக்கா! மூன்று மாதத்துக்கு முன்பு தேங்காய் மாதிரி இருந்தான், இப்போது சாக்கு மாதிரி இருக்கிறான். தலையை என் கழுத்தில் சாய்த்தான். புளித்த பால் வாடை. நான் நடந்தேன். வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை, கொட்டகையிலிருந்து வாசல் வரை. மச்சான் செய்கிற மாதிரி காங்கேயம் காளையைக் காட்டிக் கதை சொன்னேன். முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போது வந்தது பார் ஒரு ஏப்பம். காளை திரும்பிப் பார்த்தது. உள்ளே பீரோவில் துணி தேடிக்கொண்டிருந்த அம்மா சத்தமாகக் கேட்டாள்:

"ஆரு, உங்கொப்பனா? களத்துல இருந்து வந்துட்டாரா?"

ரித்திகா